உப்பளக் கரையில் மின்கார்: ஆறுமுகநேரிப் பகுதியில் சார்ஜ் ஏற்றும் நடைமுறை

மின்கார் குடிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வீட்டில்தான் ஏறுகிறது. பொதுச் சார்ஜர் வெளியூர்ப் பயணத்துக்கானது. பெட்ரோல் பங்க்கில் நின்று பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். "நம்ம ஊர்ல சார்ஜ் போடுற இடம் எங்க இருக்கு" என்பதுதான் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது. தூத்துக்குடிக் கடற்கரையில், அதிலும் ஆறுமுகநேரி போன்ற ஒரு பேரூராட்சியில், அதற்கு முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு. வண்டி இரவில் எங்கே நிற்கும்? அந்த இடத்தில் எர்த் எப்படி இருக்கிறது? அடைமழையில் அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும்?

மின்கார் இந்த மாவட்டத்துக்கு அந்நியப் பொருள் அல்ல. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4 அன்று கார் ஆலையைத் திறந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது அதன் திறன். விஎஃப் 6, விஎஃப் 7 ஆகிய இரண்டு வண்டிகளோடு அங்கே உற்பத்தி தொடங்கியது. ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகிறது. மஹிந்திராவின் மின்கார்களை வடிவமைத்ததில் செங்கல்பட்டு அருகே உள்ள அந்நிறுவன ஆராய்ச்சி மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆலை பக்கத்தில் வந்துவிட்டதால் ஓட்டுபவரின் பாடு தானாக எளிதாகிவிடாது என்பது வேறு விஷயம்.

தூரமும் பேட்டரியும்

ஆறுமுகநேரி தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது. திருச்செந்தூர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், தூத்துக்குடி 30, திருநெல்வேலி 50. காயல்பட்டினமும் சாகுபுரம் ரசாயன ஆலையும் கூப்பிடு தூரம். ஊர்க்காரர் ஒருவரின் வழக்கமான ஓட்டம் தூத்துக்குடிக்குப் போய்வரும் 60 கிலோமீட்டர். ஆஸ்பத்திரி, கல்லூரி, ஜவுளி என்று பாளையங்கோட்டை வரை போனால் 100. இன்று விற்கும் மின்கார்களில் சிறியதும் இதை ஒரே சார்ஜில் முடித்துவிடும்.

விளம்பரத்தில் வரும் தூரத்தை அப்படியே நம்பக் கூடாது. ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைக்கும் எண் அது. 2024 ஜனவரியில் டாடா பன்ச் மின்கார் வந்தபோது, 35 யூனிட் பேட்டரி கொண்ட வகைக்கு 421 கிலோமீட்டர் என்றார்கள். ஏசியைப் போட்டு, நான்கு பேருடன், நெடுஞ்சாலை வேகத்தில் போனால் கையில் கிடைப்பது சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு. பொதுவாக ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது. பேட்டரி அளவை கிலோவாட் மணியில் சொல்வது வழக்கம். ஒரு கிலோவாட் மணி என்பது கரண்ட் பில்லில் வரும் அதே ஒரு யூனிட்தான். வேகம் மணிக்கு 80-இலிருந்து 110 ஆகும்போது தூரம் கணிசமாகக் குறையும். ஆடி மாதத்து எதிர்க்காற்றும் அதன் பங்கை எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் காருக்கும் காற்று எதிரிதான். ஆனால் மின்காரின் திரையில் மீதித் தூரம் கண்ணெதிரே இறங்குவதால் மனசு படபடக்கிறது.

பேட்டரியின் வகையும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் பல கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இது வெப்பத்தைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும், அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றும்படி தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நிக்கல் கலந்த வகையில் அன்றாடத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. குளிரூட்டும் முறையையும் கேட்டு வாங்க வேண்டும். இலங்கையில் 2010-களின் நடுவில் பழைய நிசான் லீஃப் கார்கள் நிறைய இறங்கின. அவற்றின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெப்பநாட்டில் அவை சீக்கிரமே திறன் இழந்தன. அவற்றின் வேகச் சார்ஜ் முறையும் இன்று இந்தியாவில் புழங்கும் முறை அல்ல. பங்குனி, சித்திரை வெயிலில் மூடிய கார் அடுப்பாகும் தென்பாண்டிக் கடற்கரைக்கு அந்த அனுபவம் பாடம். இன்றைய இந்தியக் கார்கள் பெரும்பாலும் திரவக் குளிரூட்டல் கொண்டவை. 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் பேட்டரி உத்தரவாதம் வழக்கமாகிவிட்டது.

வீட்டு இணைப்பு

சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். இரவு பத்து மணிக்குச் செருகி விடிகாலை ஐந்துக்கு எடுத்தால் 21 யூனிட், அதாவது 130, 140 கிலோமீட்டர். தூத்துக்குடிக்கு தினமும் போய்வருபவருக்கு அதில் பாதி போதும். காருடன் கொடுக்கும் இந்த மெதுவான சார்ஜரைப் பலர் தாழ்வாக நினைத்து, எடுத்த எடுப்பிலேயே 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜருக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆறுமுகநேரி வாழ்க்கைக்கு அது பெரும்பாலும் தேவையில்லாத செலவு. ஒரே நாளில் இரண்டு முறை வெளியூர் போகும் வண்டிக்கோ, 60 யூனிட்டுக்கு மேற்பட்ட பேட்டரிக்கோதான் அது பயன்படும்.

7.2 கிலோவாட் சார்ஜர் ஒரே முனையில் 32 ஆம்பியர் இழுக்கும். அதற்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்தி, மும்முனை இணைப்பு வாங்க வேண்டிவரும். அப்போதும் சுமை முழுவதும் மூன்றில் ஒரு முனையில்தான் விழும். தெருக்கோடி மின்மாற்றியில் ஏற்கெனவே அந்த முனை தள்ளாடிக்கொண்டிருந்தால் வோல்டேஜ் இறங்கி, கார் தானே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திவிடும். 11 கிலோவாட் வகை மூன்று முனைகளுக்கும் சுமையைப் பிரித்துக்கொள்ளும், ஆனால் காருக்குள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் மாற்றி அதை ஏற்க வேண்டும். சிறிய கார்கள் பலவும் ஏற்பதில்லை.

மெதுவான சார்ஜர் போதும் என்பதால் பழைய பிளக்கிலேயே செருகிவிடலாம் என்று பொருள் இல்லை. மிக்ஸி ஐந்து நிமிஷம் ஓடும், இஸ்திரிப்பெட்டி அரைமணி ஓடும். கார் ஏழு மணி நேரம் இடைவிடாமல் முழுச்சுமையில் இழுக்கும். மலிவான பிளக் உருகுவது அதனால்தான். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி பிரேக்கர், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., மூடியுள்ள தொழிற்சாலை வகை 16 ஆம்பியர் சாக்கெட் ஆகியவை இருந்தால் அச்சமில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது எந்த நிலையிலும் ஆகாது.

இதைவிட நுணுக்கமானது எர்த். சார்ஜர் கம்பியில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும்; சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும், ஒரு யூனிட்கூட ஏறாது. இந்தப் பகுதியின் மண் இரண்டு விதமாகப் படுத்தும். உப்பளத்தை ஒட்டிய களர்நிலத்தில் ஈரமும் உப்பும் இருப்பதால் மின்தடை குறைவு. எர்த் முதலில் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் அதே உப்பு சில ஆண்டுகளில் இரும்புக் குழாயைத் தின்றுவிடும். வீடு கட்டியபோது போட்ட எர்த் குழி பெயருக்கு மட்டும் இருக்கும். மேற்கே குதிரைமொழித் தேரிப் பக்கம் போனால் நிலைமை எதிர்மாறு. அந்தச் செம்மணல் வறண்டது, மின்சாரத்தை உள்ளே விடாது. கோடையில் நல்ல குழாய் போட்டாலும் எர்த் வராது. எல்லா ஊர்களிலும் எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவது பழைய முறை. ஆறுமுகநேரியில் உப்பை மண்ணே போட்டுவிட்டது என்று ஒயர்மேன்கள் கேலி பேசலாம். செம்பு பூசிய கம்பியும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிக்கலவையும் கொண்ட இன்றைய எர்த் இரண்டு மண்ணுக்கும் ஏற்றது. ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது, முக்கியமாகக் கோடை முடிவில், அவசியம்.

வாடகை வீட்டிலும் தெருவோரத்திலும் வண்டி நிறுத்துபவர்களின் சிக்கல் வேறு. மாடியிலிருந்து வயர் தொங்கவிட்டுத் தெருவில் நிற்கும் காருக்கு ஏற்றுவது ஆபத்து மட்டுமல்ல, ஒரு மழைக்குத் தாங்காது. மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, மின்வண்டிக்கென்று தனி இணைப்பை நுகர்வோர் கேட்டுப் பெறலாம். கிராமப்புறத்தில் புதிய இணைப்புக்கான கெடு 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டது. வீட்டுக்காரர் சம்மதித்தால் வாடகைக்காரருக்கும் இது வழி. சம்மதிக்காவிட்டால், சார்ஜ் ஏற்ற இடமில்லாத வீட்டில் மின்கார் வாங்குவதைத் தள்ளிப்போடுவதே புத்தி.

கரண்ட் பில்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக விலை ஏறும். காருக்கான யூனிட்டுகள் இந்தப் படிகளின் மேல்தட்டில் போய் உட்காரும் என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. 2024 ஜூலைக்குப் பிந்தைய விகிதத்தில் 400 யூனிட் தாண்டினால் யூனிட்டுக்கு 6 ரூபாய்க்கு மேல், 500 தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 600 தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல், 1,000 தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். அதோடு, மொத்தம் 500-ஐத் தாண்டும்போது கீழ்ப்படியில் கிடைத்துவந்த மானியத்திலும் ஒரு பகுதி போய்விடும்.

இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பம் மாதம் 1,000 கிலோமீட்டர் மின்கார் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், சார்ஜ் ஏறும்போது வீணாகும் பங்கையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்குக் கூடுதலாக ஏறத்தாழ 320 யூனிட் ஆகும். அந்தக் கூடுதல் யூனிட்டின் சராசரி விலை ஏழரை ரூபாய் அளவில் வரும். 2,000 கிலோமீட்டருக்கு 2,400 ரூபாய். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் அதே ஓட்டத்துக்கு 125 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 12,500. ஏற்கெனவே ஏசி ஓடி 600 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் காரின் யூனிட் 9, 10 ரூபாய்க்குப் போகும். அப்போதும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைச் சுற்றித்தான் வரும். கூரைமேல் சூரியத்தகடு உள்ளவர்களுக்கு இன்னும் மலிவு, வண்டி பகலில் வீட்டில் நின்றால். 3 கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 யூனிட் தரும். பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

பொதுச் சார்ஜரில் கணக்கு மாறிவிடும். வேகச் சார்ஜர்களில் யூனிட் பெரும்பாலும் 18 முதல் 25 ரூபாய் வரை, 18 சதவீத ஜிஎஸ்டியுடன். கிலோமீட்டருக்கு மூன்று, மூன்றரை ரூபாய் ஆகிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் போகும் டீசல் காரின் செலவுக்கு இது ரொம்பத் தொலைவில் இல்லை. முழுக்கப் பொதுச் சார்ஜரை நம்பி ஓட்டினால் மின்காரின் பொருளாதாரமே ஆட்டம் காணும்.

பொதுச் சார்ஜர்: சட்டமும் இயந்திரமும்

சார்ஜ் நிலையம் நடத்துவது மின்சாரம் விற்பது ஆகாது, ஆகவே அதற்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் விளக்கம் அளித்தது. அதன்பிறகுதான் தனியார் இதில் இறங்கினார்கள். 2022 ஜனவரி வழிகாட்டுதல், நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்றது. 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல் அதை 20 கிலோமீட்டராகச் சுருக்கியது. காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரிய நேரத்தில் நிலையங்களுக்கு மின்கட்டணம் குறைவு, மற்ற நேரத்தில் கூடுதல் என்பதும் அதில் உண்டு. காகிதத்தில் இருப்பது சாலையில் வர நாளாகும். 2024 இறுதியில் நாடு முழுவதும் 25,000-க்குச் சற்று மேற்பட்ட பொதுச் சார்ஜர்கள் இருந்தன. கர்நாடகத்தில் ஐயாயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1,400. கார் உற்பத்தியில் முன்னே நிற்கும் மாநிலத்துக்கு இது பெருமை சேர்க்கும் எண் அல்ல.

இயந்திரங்கள் இரண்டு இனம். மாறுமின்சாரம் தரும் டைப் 2 சார்ஜர் ஓட்டல்களிலும் கடை வளாகங்களிலும் இருப்பது. மணிக்கு 3 முதல் 7 யூனிட், சிலவற்றில் 11 அல்லது 22. இரவு தங்குபவருக்கு மட்டுமே பயன். நேர்மின்சாரம் தரும் சிசிஎஸ் 2 சார்ஜர்தான் வேகச் சார்ஜர். 25, 30, 60, 120, 240 கிலோவாட் என்று பல அளவு. பழைய அரசுத் திட்டங்களில் வைத்த 15 கிலோவாட் பாரத் டிசி சார்ஜர்கள் அங்கங்கே இன்னும் நிற்கின்றன. நிலையம் தேடும் செயலியின் வரைபடத்தில் அவையும் பச்சையாகத் தெரியும், இன்றைய கார்களுக்குப் பொருந்தா. ஸ்கூட்டர்களின் முனை வேறு. கார் சார்ஜரின் கம்பி முனையான கன்னில் ஸ்கூட்டரை மாட்ட முடியாது.

பெட்டியில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தால் காருக்கு 60 கிடைக்கும் என்று நினைப்பது முதல் பயணத்திலேயே உடையும் நம்பிக்கை. ஒரே பெட்டியில் இரண்டு கன் இருந்து பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றால் பல இயந்திரங்கள் 30, 30 ஆகப் பிரித்துவிடும். கார் ஏற்கும் உச்ச அளவும் உண்டு. சிறிய கார்கள் பலவும் 50-க்கு மேல் ஏற்பதில்லை, எனவே 240 கிலோவாட் பெட்டி முன் நின்றாலும் அவற்றுக்கு லாபமில்லை. பேட்டரி பாதி நிறைந்தபின் வேகம் தானே குறையும். 10-இலிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரம் பிடித்தால், 80-இலிருந்து 100 ஏற இன்னொரு மணி நேரமும் ஆகலாம். அதனால் வெளியூர்ப் பயணத்தில் 80-இல் கழற்றிக்கொண்டு கிளம்புவதே ஓட்டுபவருக்கும் காத்திருப்பவருக்கும் நல்லது.

பணம் செலுத்துவது இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. டாடா பவர், ஜியோ–பிபி, சார்ஜ்ஸோன், ஸ்டாடிக், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜியான் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி. பலவற்றில் முன்பணம் போட்டுவைக்க வேண்டும். ஐந்து செயலிகளில் இருநூறு, முந்நூறாகச் சிதறிக்கிடக்கும் பணம் திரும்பி வருவதே இல்லை என்பது மின்கார் வட்டாரத்தின் நிரந்தரப் புலம்பல். மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் இவி யாத்ரா செயலி 2022 டிசம்பரில் வந்தது. நிலையங்களைத் தேட உதவும். செயலியில் தெரியும் நிலையம் உண்மையில் ஓடுகிறதா என்பது தனிக் கேள்வி. மின்தடை, இணையத் தொடர்பு அறுந்த இயந்திரம், உடைந்த கன், முன்னால் நிறுத்திவைத்த டீசல் வண்டி, இவை அனைத்தும் அன்றாட நிகழ்வு. கடைசியாக எப்போது அங்கே வெற்றிகரமாகச் சார்ஜ் ஏறியது என்ற பதிவைப் பார்ப்பதும், பங்க்குக்குப் போன் போட்டுக் கேட்பதும், இரண்டாவது நிலையம் ஒன்றை மனதில் வைத்து 20 சதவீதம் மிச்சத்தோடு போய்ச் சேர்வதும் வண்டி ஓட்டத் தெரிந்திருப்பதற்குச் சமமான திறமைகள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும். பங்க்கில் ஜெனரேட்டர் இருந்தாலும் அது வேகச் சார்ஜரை இழுக்காது. எந்தத் துணைமின்நிலையத்துக்கு எந்த நாள் என்ற அறிவிப்பு நாளிதழிலேயே வருகிறது.

நெடும்பயணம், திருவிழா

ஆறுமுகநேரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 630 கிலோமீட்டர். தூத்துக்குடி, மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று போகும் இந்த வழி மின்காருக்கு ஓரளவு பக்குவப்பட்டது. பாரத் பெட்ரோலியம் 2022-இல் சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் தன் பங்க்குகளில் வேகச் சார்ஜர் வரிசை ஒன்றை அமைத்தது. பின்னர் தனியார் நிலையங்களும் சேர்ந்தன. 50 யூனிட் பேட்டரி உள்ள கார் முழுச் சார்ஜில் கிளம்பி, மதுரையைத் தாண்டி ஒருமுறை, விழுப்புரத்துக்கு முன் ஒருமுறை நின்றால் போய்விடும். 35 யூனிட் பேட்டரிக்கு மூன்று, நான்கு நிறுத்தம். பெட்ரோல் காரில் பத்து, பதினொரு மணி நேரம் ஆகும் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாடு, காப்பி, பிள்ளைகளின் தேவை என்று எப்படியும் நிற்கும் குடும்பத்துக்கு அதில் பாதி உறைக்காது.

நாகர்கோவில், கன்னியாகுமரிக்குப் போகும் கடற்கரைச் சாலை வேறு ரகம். உடன்குடி, மணப்பாடு, உவரி, கூடங்குளம் என்று போகும் அந்த வழியில் தூரம் ஒரு பொருட்டல்ல, ஒரே சார்ஜில் போய்ச் சேரலாம். திரும்பி வருவதற்கான மின்சாரத்தை வழியில் எதிர்பார்க்காமல் நாகர்கோவிலிலேயே ஏற்றிக்கொள்வது நல்லது. திருநெல்வேலி வழியாக நான்குவழிச் சாலையில் போனால் சுற்று அதிகம், சார்ஜரும் அதிகம்.

திருச்செந்தூர் இந்தப் பகுதியின் பொதுச் சார்ஜர் தேவையைத் தலைகீழாக்கும் இடம். உள்ளூர்க்காரருக்கு வெளியே சார்ஜர் தேவையில்லை, ஆனால் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வரும் பக்தர்களுக்கு இங்கேதான் தேவை. கந்தசஷ்டி, வைகாசி விசாகம், ஆவணி, மாசித் திருவிழா நாட்களில் ஊருக்கு வெளியே வண்டிகளை நிறுத்தச் சொல்லிப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். ஊருக்குள் சார்ஜர் இருந்தாலும் அதை நெருங்க முடியாது. அந்த நாட்களில் தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ நிரப்பிக்கொண்டு வருவதே நடைமுறை. இந்த ஏற்ற இறக்கத்தால்தான் கோயில் ஊர்களில் நிலையம் வைப்பவருக்குக் கணக்கு கட்டுவது கடினம். ஆண்டில் சில நாள் வரிசை நிற்கும், மற்ற நாட்களில் இயந்திரம் ஈயோட்டும், நிலைக்கட்டணம் மட்டும் மாதாமாதம் வரும். இரவு தங்கும் விடுதிகள் ஆளுக்கு இரண்டு 7 கிலோவாட் சார்ஜர் வைத்தால் ஒரு பெரிய வேகச் சார்ஜரைவிட இங்கே அதிகம் பேருக்குப் பயன்படும்.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கடலோரத்தில் எந்த வண்டிக்கும் துரு உண்டு. மின்காரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது சார்ஜ் முனையின் உலோக ஊசிகள். உப்புப் படிந்தால் தொடுகை கெட்டு, சூடாகி, சார்ஜ் பாதியில் நிற்கும். மூடியைத் திறந்தபடி விடாமலிருப்பதும், கன்னைத் தரையில் போடாமல் கொக்கியில் மாட்டுவதும், வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுவதும் போதும். சுவர்ச் சார்ஜரைக் கடற்காற்று நேரே அடிக்கும் பக்கத்தில் பொருத்தக் கூடாது. பொதுச் சார்ஜர்களில் இந்தப் பராமரிப்பு நடப்பது அரிது. கடற்கரை நிலையங்கள் உள்நாட்டு நிலையங்களைவிட விரைவில் பழுதாக இதுவும் ஒரு காரணம்.

வெள்ளம் அதைவிடப் பெரிது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், ஆறுமுகநேரிக்குப் பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஓர் ஆண்டில் பெய்வதைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியது, ஏரல் பாலம் சேதமடைந்தது, தாமிரபரணிக் கரை ஊர்கள் பல நாட்கள் மின்சாரமின்றிக் கிடந்தன. இன்றைய கார் பேட்டரிகள் பெரும்பாலும் ஐபி 67 தரம் கொண்டவை. ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தால் தண்ணீர் புகாது என்பது அதன் பொருள். அது சோதனைக்கூடத்து நல்ல தண்ணீர், அரைமணி நேரம். முற்றத்தில் இரண்டு நாள் நின்ற வெள்ளத்துக்கு அந்தச் சான்றிதழ் பதில் சொல்லாது. உப்பளப் பாத்திகள் உடைந்து கலந்த தண்ணீர் இன்னும் மோசம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உள்ளே புகுந்து காய்ந்த பிறகும் வேலையைக் காட்டும். 2022-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை இயான் புயல் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாட்களான பின் தீப்பிடித்தன.

எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடுவதே முதல் வேலை. மூழ்கிய வண்டியை இயக்கவோ சார்ஜில் போடவோ கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, சேவை மையத்தை அழைக்க வேண்டும். மின்தடை நீளும் என்று தெரிந்தால் முந்தைய இரவே முழுச் சார்ஜ் ஏற்றிவைப்பது உதவும். டாடா நெக்ஸான் மின்கார், கிரெட்டா எலெக்ட்ரிக் போன்ற சில கார்களிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கலாம்; விளக்கு, மின்விசிறி, செல்போன், சிறிய ஃபிரிட்ஜ் ஆகியவற்றை இரண்டு மூன்று நாள் தாங்கும். 2023-இன் அந்த வாரத்தில் இந்த வசதி உள்ள ஒரு கார் உயரமான இடத்தில் நின்றிருந்தால் ஒரு தெருவுக்கே போன் சார்ஜ் கொடுத்திருக்கும். காப்பீடு எடுக்கும்போது பேட்டரிக்கு நீர்ச்சேதப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சாதாரண பாலிசியில் அது முழுமையாக வராது.

விலை, வரி, புகை

மின்காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரியும் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. அதனால் சிறிய கார்களில் மின்காரின் விலைச் சாதகம் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை 2025 இறுதிவரை சாலை வரியை முழுவதும் விலக்கியது. வாங்கும் நாளில் நடப்பிலுள்ள ஆணையை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சொந்தக் காருக்கு மத்திய அரசின் நேரடி மானியம் கிடையாது. ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டமும் அதன்பின் வந்த பிஎம் இ-டிரைவும் தனியார் கார்களைச் சேர்க்கவில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதக் கழிவு உண்டு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் அளவில் மிச்சம். பெட்ரோல் வகையைவிட மூன்று லட்சம் அதிகம் கொடுத்திருந்தால் ஐந்து ஆண்டில் ஈடாகும். மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த ஈடு பேட்டரி உத்தரவாதம் முடிந்த பிறகும் வராது. தினமும் ஓடுபவருக்குத்தான் மின்கார் லாபம். வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போக எடுப்பவருக்கு அல்ல.

புகையில்லாத வண்டி என்ற பேச்சைத் தூத்துக்குடியில் சொல்லும்போது சற்றுக் கவனம் வேண்டும். 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட தூத்துக்குடி அனல்மின் நிலையமும், 2015-இல் ஓடத்தொடங்கிய ஆயிரம் மெகாவாட் கூட்டு அனல்நிலையமும் துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் நிலக்கரியில் ஓடுபவை. நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. அந்தக் கணக்கில் மின்கார் கிலோமீட்டருக்கு 110, 120 கிராம். பெட்ரோல் கார் புகைக்குழாயில் மட்டும் 140, 150. வித்தியாசம் உண்டு, மலைக்கும் மடுவுக்கும் உள்ளது அல்ல. கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகள் சுழலும் ஆனி, ஆடி மாதங்களிலும், சூரிய மின்சாரம் பெருகும் நண்பகலிலும் ஏற்றினால் அந்த வித்தியாசம் பெரிதாகும். இரவில் ஏற்றுவது ஓட்டுபவருக்கு வசதி, மின்தொகுப்புக்குப் பகல்தான் வசதி. ஆலைகளும் கல்லூரிகளும் ஊழியர்களின் வண்டி நிற்கும் கூரையில் சூரியத்தகடும் சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டும் வைத்தால் இரண்டும் பொருந்தும்.

மீண்டும் விற்கும்போது விலை எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு இந்தச் சந்தையில் இன்னும் நிலையான பதில் உருவாகவில்லை. பழைய மின்காரை வாங்குபவர் ஓடிய தூரத்தைவிட, பேட்டரியின் மீதித் திறன் எத்தனை சதவீதம் என்ற சேவை மைய அறிக்கையையும், உத்தரவாதம் இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் பார்க்க வேண்டும். கடற்கரையில் ஓடிய வண்டியானால் அடிப்பகுதியைத் தூக்கிப் பார்ப்பதும், 2023 டிசம்பரில் அது எங்கே நின்றது என்று விசாரிப்பதும் சேரும். உழைத்து முடிந்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்க முடியாது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.